படிக்கட்டுக்கும் உண்டு பார்முலா!



‘விசை = நிறை × முடுக்கம்.’ நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். முதல் வருடம் பரீட்சையில் எழுதி, சிலர் அரியரிலும் எழுதி, மறக்கவே முடியாதபடி பழகிவிட்ட பார்முலா. நியூட்டன் 1687இல் தன் இயக்க விதிகளை வெளியிட்டார், நாம் இரண்டு மார்க் வாங்கினோம், கணக்கு தீர்ந்தது! ஆனால் தினமும் காலை எட்டு மணி பஸ்ஸில், படிக்கட்டில் நம்மோடு அந்தப் பார்முலாவும் தொங்கிக்கொண்டு வருகிறதே, அதை என்றைக்காவது கவனித்தோமா?

நான் கவனிக்கவில்லை. இரண்டாம் வருடம், ஐப்பசி மழை நேரம். முன்படியில் நாலு பேர் தொங்கிக்கொண்டிருந்தோம். கீழே நின்ற நண்பனைப் பார்த்து, “வாடா, இன்னும் ஒரு கால் வைக்க இடம் இருக்கு!” என்று கூப்பிட்டவன் நான்தான். அவனும் ஏறினான். இரண்டு ஸ்டாப் தாண்டி வலப்பக்க வளைவு. அவன் செருப்பு வழுக்கியது. உயிர் பிழைத்தான், இடது மணிக்கட்டு உடைந்தது. அந்த செமஸ்டர் ஒர்க் ஷாப்பில் அவனால் அரம் பிடிக்க முடியவில்லை. அதே வாரம் மெக்கானிக்ஸ் டெஸ்டில் உராய்வுக் கணக்குக்கு எனக்கு முழு மார்க்! அந்தப் பேப்பரை வாங்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போமா?

நம் ஊர் பஸ்ஸில் கதவு இடப்பக்கம். பஸ் வலப்பக்கம் திரும்பும்போது, படியில் நிற்கும் நம் உடம்பு நேராகப் போகத்தான் பார்க்கும். யாரும் நம்மை வெளியே தள்ளுவதில்லை. பஸ்தான் நம் காலடியை விட்டு விலகுகிறது. அதோடு சேர்ந்து திரும்ப வேண்டுமானால் ஒரு விசை நம்மை உள்பக்கமாக இழுக்க வேண்டும். அதைக் கொடுக்க அங்கே இருப்பது இரண்டே பேர்: காலுக்குக் கீழே உராய்வு, மேலே கைப்பிடி.

25 மீட்டர் ஆரமுள்ள வளைவு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள். முடுக்கம் 2.8 மீட்டர்/வினாடி². 60 கிலோ ஆளுக்குத் தேவைப்படும் விசை சுமார் 167 நியூட்டன், அதாவது 17 கிலோ எடையைத் தூக்கும் பலம். டிரைவர் கொஞ்சம் அவசரப்பட்டு 40இல் திருப்பினால்? வேகத்தின் வர்க்கம் அல்லவா! தேவை 30 கிலோவுக்கு எகிறிவிடும். கூடியது பத்தே கிலோமீட்டர். விசை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதுவும் ஒரு கையில் நோட்டு, மறு கையில் ஜன்னல் கம்பி!

“நான் ஒல்லிதானே, எனக்கு ஒண்ணும் ஆகாது” என்று ஒருவர் சொல்லலாம். நிறை குறைந்தால் தேவையான விசை குறையும், வாஸ்தவம். ஆனால் அதே அளவுக்கு உராய்வும் குறையும். உராய்வு என்பது கெழு பெருக்கல் அழுத்தும் விசை. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் நிறை அடிபட்டுப் போய்விடும். ஒல்லிக்கும் குண்டுக்கும் படிக்கட்டு சலுகை காட்டாது.

இன்னொரு சமாதானம்: “காலில் பாதிதான் படியில் இருக்கு, ஆனா கை கெட்டியா பிடிச்சிருக்கு.” 1699இலேயே அமொந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டிவிட்டார்: உராய்வு தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல, அழுத்தும் விசையைப் பொறுத்தது. அப்படியானால் பாதிக் கால் போதுமே? அங்கேதான் பிடி இருக்கிறது! கையால் தொங்கும்போது நம் எடையில் ஒரு பங்கு கைக்குப் போய்விடுகிறது. காலின் அழுத்தம் குறைகிறது, உராய்வும் குறைகிறது. 30 கிலோமீட்டரில் முழு எடையும் காலில் இருந்தால் 0.28 கெழு போதும். பாதி எடை கைக்குப் போனால், கால் மட்டும் தாக்குப்பிடிக்க 0.57 வேண்டும். மழையில் நனைந்த படி, தேய்ந்த செருப்பு... அது எங்கே கிடைக்கும்? மிச்சத்தைக் கைதான் கொடுக்க வேண்டும். என் நண்பனின் கை அன்று ஈரமாக இருந்தது.

விழுந்த பிறகும் உராய்வு நம்மை விடாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் தார் ரோட்டில் விழுகிற உடம்பு, கெழு 0.6 என்றால் ஏறக்குறைய 6 மீட்டர் தேய்ந்துதான் நிற்கும். லேபில் மரக்கட்டை தேய்ந்தது. இங்கே தேய்வது தோல். முன்படியிலிருந்து விழுந்தால் பின்னாலேயே பின்சக்கரம் வருகிறது.

2012 டிசம்பரில் சென்னை பெருங்குடி பக்கம், பஸ் படியில் நின்று போன மாணவர்கள் நான்கு பேர் லாரியில் அடிபட்டு இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போலப் படிக்கப் போனவர்கள்தான்.

மாணவர்கள் எல்லாம் ஹீரோயிசம் காட்டத்தான் தொங்குகிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிலர் அப்படித்தான், மறைப்பானேன்? ஆனால் பலருக்கு அந்த பஸ்ஸை விட்டால் முதல் ஹவர் அட்டெண்டன்ஸ் போச்சு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு படியில் பயணம் செய்வதைத் தடுக்கிறது, சரி. உள்ளே இடம் யார் கொடுப்பது? தானியங்கிக் கதவு வைத்த பஸ்கள் வந்துவிட்டன, நல்லது. கதவு திறந்தபடியே ஓடுவதையும் பார்க்கத்தானே செய்கிறோம்!

ஆகவே நம் பேரவைக்கு என் வேண்டுகோள் இரண்டு. எந்த ஸ்டாப்பில் எத்தனை மாணவர்கள் ஏறுகிறோம் என்று நாமே ஒரு வாரம் எண்ணி, அந்தக் கணக்கோடு காலையில் கூடுதல் பஸ் கேட்டு மனுக் கொடுப்போம். கூட்டமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வருபவனுக்கு முதல் ஹவரில் பத்து நிமிடம் சலுகை தரும்படி முதல்வரிடம் கேட்போம்.

நமக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். புதிதாகச் சேர்ந்த தம்பிகளைப் பார்த்து, “வாடா, இடம் இருக்கு” என்று இனி யாரும் படியிலிருந்து கூப்பிட வேண்டாம். நான் கூப்பிட்டேன். இன்றைக்கும் மழை நாளில் அவன் மணிக்கட்டைத் தடவிக்கொள்ளும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.