நான் சாராயம் காய்ச்சவில்லை



மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. இங்கிலாந்தில் எடுத்த படங்களைப் போன வாரம் போட்டேன். தேவாலயம், பேத்தியின் பள்ளிக்கூடம், ஆற்றங்கரை எதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடி ஜாடி பக்கத்தில் நான் நிற்கிற படத்துக்கு மட்டும் நூற்றுக்கு மேல் கருத்து. "வாத்தியார் சாராயம் காய்ச்சுறார்" என்று சித்தப்பா மகன் சிரிப்புப் பொம்மையோடு எழுதினான். குடும்பக் குழுவில் அண்ணி எழுதியதில் சிரிப்பு இல்லை. "உங்க அண்ணன் செத்தது போதாதா?" அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் உள்பெட்டியில் பதினேழு பேர். எல்லாம் என்னிடம் படித்த பிள்ளைகள். "சார், செய்முறை அனுப்புங்க. வீடியோவுல மூணே நாள்ல ஆகும்னு போட்டிருக்கான்."

திட்டியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். இரண்டு தரப்புக்கும் அந்த ஜாடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அதுதான் என் சண்டை.

முதலில் சொல். காய்ச்சுவது என்றால் அடுப்பு வேண்டும், ஆவி வேண்டும், அதைக் குளிரவைத்துப் பிடிக்க வேண்டும். சைடருக்கு அடுப்பே கிடையாது. மகள் இருக்கும் ஹியர்ஃபோர்ட்ஷயர் ஆப்பிள் பூமி. அக்டோபரில் தோட்டத்து மரத்தடியில் பழம் கொட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அரைக்கும் கருவியும் பிழியும் கருவியும் கொண்டுவந்தார். அந்த நாட்டில் சொந்தக் குடும்பத்துக்குப் போட்டுக்கொள்ள உரிமம் தேவையில்லை, விற்கக் கூடாது. பத்துக் கிலோ பழத்துக்கு ஐந்து லிட்டருக்குப் பக்கம் சாறு. அழுகியதையும் பூசணம் பிடித்ததையும் அவர் ஈவிரக்கமில்லாமல் தூக்கி எறிந்தார். பூசணத்தில் வரும் நஞ்சு சாற்றில் கலந்துவிடும். பெரியவர் படித்தவர் இல்லை, ஆனால் இதில் என்னைவிட நல்ல வாத்தியார்.

சாற்றை 4.5 லிட்டர் ஜாடியில் ஊற்றி, ஈஸ்ட் போட்டு, வாயில் ஏர்லாக் என்று ஒரு வளைந்த குழாய் செருகுகிறார்கள். குழாயில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே உண்டாகும் வாயு கொப்புளம் கொப்புளமாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. வந்தால் புளிக்காடி ஆகிவிடும். சர்க்கரை பாதிக்குப் பாதி சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. இதைத்தான் ஏழாம் வகுப்பில் நொதித்தல் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். நம் வீட்டு இட்லி மாவு பொங்குவதும் நொதித்தல்தான்; அங்கே வேலை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா.

இப்போது மூன்று நாள் வீடியோக்காரர்களுக்கு. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது வாரம் மாப்பிள்ளை அவசரப்பட்டு இரண்டு பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடி, வாசல் அலமாரியில் வைத்தார். அப்போது ஹைட்ரோமீட்டர் 1.020 காட்டியது. (பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் பார்த்திருப்பீர்கள், அதன் தம்பிதான் இது.) லிட்டருக்குச் சுமார் ஐம்பது கிராம் சர்க்கரை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். ஐம்பது கிராம் சர்க்கரை முழுதும் நொதித்தால் சுமார் 12 லிட்டர் வாயு. அந்தக் கணக்கைப் போட எனக்கு அரை நிமிடம் ஆகாது. போடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ராத்திரி ஒரு பாட்டில் வெடித்தது. காலையில் பார்த்தால் பேத்தியின் பள்ளிக்கூடச் செருப்புக்குள் கண்ணாடித் துண்டு. அவள் காலை விட்டிருந்தால்? இரண்டாவது பாட்டிலைத் தடித் துணி சுற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோகும்போது என் கை நடுங்கியது. முப்பத்தாறு வருடம் அறிவியல் நடத்திய கை.

ஆகவே பிள்ளைகளே, மூன்றாம் நாள் மூடி போடச் சொல்கிறவன் உங்களுக்குப் பானம் செய்யக் கற்றுத்தரவில்லை, வெடி செய்யக் கற்றுத்தருகிறான். எங்கள் சாறு 1.048-இல் தொடங்கி 1.000-க்கு இறங்க ஆறு வாரம் ஆனது. பிறகு வண்டலை விட்டுத் தெளிவை ரப்பர் குழாயால் வேறு ஜாடிக்கு இறக்கினோம். வசந்தம்வரை அது அப்படியே கிடக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துச் செய்யுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டாம். 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது, உரிமம் இல்லாமல் மது உண்டாக்குவது குற்றம். செய்முறை அனுப்ப மாட்டேன்.

அண்ணி, இனி உங்களுக்கு.

சைடர் பாவமறியாத சாறு என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஜாடியில் இருப்பது ஆறு சதவீதத்துக்கு மேல். அண்ணன் வாங்கிய குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஒன்றேகால் லிட்டர் சைடர் ஒரு குவார்ட்டருக்குச் சமம். ஒருவன் தினமும் அவ்வளவு குடித்தால் இதுவும் ஈரலைத் தின்னும். நான் குடித்தது ருசி பார்க்க அரை டம்ளர். அதையும் மறைக்கவில்லை.

ஆனால் அண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடத் தயாரித்தது கிடையாது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும்தான். அறிவியல் வாத்தியார் தம்பி, ஒரு நாள் உட்கார்ந்து இந்தக் கணக்கை அவரிடம் சொல்லியிருக்கலாம். மரியாதைக் குறைவு என்று இருந்துவிட்டேன். 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அப்போதும் "குடிகாரன் செத்தான்" என்றுதான் பலர் பேசினார்கள். மெத்தனால் என்றால் என்ன, அது எப்படிக் கண்ணைப் பறிக்கும் என்று எத்தனை பேர் பேசினோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1989-இல் இதே நொதித்தல் பாடம் நடத்தும்போது ஒரு பையன் எழுந்தான். பனையேறி மகன். "சார், கலயத்துல சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலேன்னா கள்ளு. ஏன் சார்?" கள்ளுக்குத் தடை வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வகுப்பு சிரித்தது. நான், "உட்காருடா, அதெல்லாம் இங்க பேசாத" என்றேன். அந்தப் பாடப் புத்தகம் முழுவதிலும் இல்லாத நல்ல கேள்வி அது. சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கிவிடும், அதில் ஈஸ்ட் பெருக முடியாது. இரண்டு வாக்கியப் பதில். அதன்பிறகு அவன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. தம்பி, நீ இதைப் படித்தால், பதில் மேலே இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் தாமதம்.

படத்தை எடுக்கச் சொல்லி மூன்று பேர் போன் செய்தார்கள். எடுக்க மாட்டேன். அண்ணி, ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். திட்டுவதானால் அப்போது திட்டுங்கள், பதில் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். பிறகு பேரன்கள் இருவரையும் உட்காரவைத்துக் குவார்ட்டர் கணக்கை நான் சொல்லித்தருவேன். பெரியவனுக்குப் பதினாறு ஆகிவிட்டது. அதற்கு மட்டும் குறுக்கே வராதீர்கள்.