குட்டி யானைக்கு எதற்கு மலையேற்றம்?

மின்சார பிக்கப் வண்டி செஞ்சி மண்ணுக்கு ஆகாது என்று தீர்ப்பெழுதி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அந்த வண்டியில் டிஃபரன்ஷியல் லாக் கிடையாதாம். லாக் இல்லாத வண்டி சேற்றில் படுத்துவிடுமாம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி அடிவாரத்துப் பாறைச் சரிவில் ஒரு தரம் ஏற்றிப் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடுமாம். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனின் குதிரை ஓடிய மண்ணில் பேட்டரி வண்டிக்கு என்ன வேலை என்று வசனம் வேறு. குதிரை நல்ல குதிரைதான், மறுக்கவில்லை. 1714இல் தேசிங்கு போர்க்களத்தில் மாண்டதை அந்தக் குதிரையால் தடுக்க முடியவில்லை என்பதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

வசனத்தை விடுவோம், வாதத்துக்கு வருவோம். லாக் இல்லை, ஆகவே மின் பிக்கப் தள்ளுபடி. சரி ஐயா, செஞ்சியில் இன்று ஓடுகிற டீசல் வண்டியில் அது இருக்கிறதா? டாடா ஏஸ் 2005இல் வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், பின்சக்கர இழுவை. ஊரெல்லாம் குட்டி யானை என்று பெயர் வைத்துக் கொண்டாடியது. அதில் லாக் கிடையாது. அதற்குப் பின் வந்த சிறு சரக்கு வண்டிகளிலும் பெரும்பாலானவற்றில் கிடையாது. இருபது வருஷமாக அவலூர்ப்பேட்டையிலிருந்தும் வளத்தியிலிருந்தும் நெல்லையும் மல்லாட்டையையும் ஏற்றிக்கொண்டு வந்தவை இந்த லாக் இல்லாத வண்டிகள்தான். அந்த இருபது வருஷமும் கட்டுரையாளர் இதைப் பற்றி வாய் திறந்ததாகத் தெரியவில்லை. டீசலில் இல்லாதபோது கண்ணில் படாத குறை, பேட்டரி வந்ததும் ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாகிவிட்டது.

அவருக்கு லாக் என்றால் என்னவென்று தெரியுமா என்பதே என் அடுத்த சந்தேகம். அமெரிக்க வீடியோக்களில் பார்த்த அதிசயமாகவே அதை வர்ணிக்கிறார். செஞ்சி வட்டாரத்தில் டிராக்டர் ஓட்டுகிற எவரிடமும் கேட்டிருந்தால் குதிகாலால் காட்டியிருப்பார். இருக்கைக்குக் கீழே ஒரு சின்ன பெடல். தண்ணீர் கட்டிய வயலில் சேற்றுழவு நடக்கும்போது ஒரு பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி இருந்த இடத்திலேயே சுற்றும். கெட்டியான தரையில் இருக்கிற மற்ற சக்கரம் அசையாமல் நிற்கும். ஓட்டுநர் கிளட்ச்சை மிதிப்பார், சக்கரம் நின்றதும் அந்தப் பெடலை அழுத்துவார், கிளட்ச்சை மெல்ல விடுவார். இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றி டிராக்டர் மேலே வந்துவிடும். வரப்பை நெருங்கித் திரும்புவதற்கு முன் காலை எடுத்துவிடுவார். எடுக்காமல் ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகும். அடம்பிடித்தால் உள்ளே பல் உடைந்து மெக்கானிக்குக்கு வேலை வைக்கும்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உட்சக்கரம் குறைவாக ஓடவேண்டும். அதற்கு வழிவிடத்தான் டிஃபரன்ஷியல். ஆனால் அது இரண்டு பக்கமும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் வழுக்கினால், அந்த வழுக்கல் தாங்குகிற சொற்ப விசைதான் மறுபக்கத்துக்கும் மிஞ்சும். லாக் அந்தக் கட்டத்தில் இரண்டு சக்கரத்தையும் இணைத்துவிடுகிறது. ஆக, லாக் தருவது பிடிப்பு. வண்டி எத்தனை வருஷம் உழைக்கும் என்பது வேறு கணக்கு. கெட்டித் தரையில் லாக்கைப் போட்டபடி திருப்பினால் டயரும் அச்சும் சீக்கிரமே தேயும். கட்டுரையாளர் பிடிப்பையும் உழைப்பையும் ஒன்றாக்கிக் குழப்பி, அந்தக் குழப்பத்துக்குச் சோதனை என்று பெயர் சூட்டியிருக்கிறார்.

டெஸ்லாவின் மின் பிக்கப்பான சைபர்டிரக் விவகாரம் இன்னும் வேடிக்கை. பனியில் சிக்கிய சைபர்டிரக்கை ஒரு ஃபோர்டு வண்டி இழுத்துவிட்ட வீடியோவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். அந்த வண்டியின் விநியோகம் தொடங்கியது 2023 நவம்பர் கடைசியில். வீடியோ வந்தது டிசம்பரில். அப்போது அதன் டிஃப் லாக் வேலை செய்யும் நிலையிலேயே இல்லை. 2024இல்தான் மென்பொருள் வழியாக அது உரிமையாளர்கள் கைக்கு வந்தது. அரைகுறையாக வண்டியை விற்றதற்காக டெஸ்லாவைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். மின்மோட்டார் தோற்றுவிட்டது என்று அதிலிருந்து எப்படி முடிவு கட்டுகிறீர்கள்?

மின் பிக்கப்புக்கு லாக் வராது என்கிற தொனியும் தவறு. ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கின் பின்அச்சில் லாக் இருக்கிறது. ரிவியனின் நான்கு மோட்டார் வண்டியில் சக்கரத்துக்கு ஒரு மோட்டார். அங்கே பூட்டுவதற்கு டிஃபரன்ஷியலே இல்லை. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு விசை என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. இதெல்லாம் மூன்று டன் எடையுள்ள, நம்மூர் விவசாயி கனவிலும் வாங்காத வண்டிகள். அவற்றை வைத்துக் குட்டி யானைக்குத் தீர்ப்பெழுத ஆரம்பித்தது நானல்ல, அவர்தான்.

அடுத்து அந்தப் பாறைச் சோதனை. ராஜகிரிக்கு ஏறுவது படிக்கட்டு வழியே. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2025 ஜூலையில் மராத்தியர் ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். அதன் அடிவாரத்தில் டயர் தேய்க்கலாம் என்று எழுதியவர், அந்த ஊரின் பெருமை பேச தேசிங்கு ராஜனையும் கூப்பிடுகிறார்! சட்டத்தை விட்டே பேசுவோம். ஒரு தரம் பாறை ஏறிய வண்டி ஒரு தரம் பாறை ஏறியது, அவ்வளவுதான். மறுநாள் அதன் ஸ்பிரிங் எப்படி இருக்கும், ஐந்தாம் வருஷம் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று அந்தப் பாறை சொல்லாது.

உழைப்பைச் சோதிக்கிற இடம் பார்க்க அவர் வெகுதூரம் போகவேண்டாம். வந்தவாசி வழியாகச் செய்யாறு போனால் மஹிந்திரா 2021இல் திறந்த சோதனைத் தடம் இருக்கிறது, சுமார் 450 ஏக்கர். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் குண்டுங்குழியுமான தடத்தில் பாரத்தோடு ஓட்டி, தண்ணீரிலும் சேற்றிலும் இறக்கி, தூசியைக் குடிக்கவைத்து, ஏதாவது உடைகிறவரை அல்லது கிலோமீட்டர் கணக்கு முடிகிறவரை ஓட்டுவார்கள். பார்க்கிறவருக்குக் கொட்டாவிதான் வரும். உழைப்புச் சோதனை அப்படித்தான் இருக்கும்.

வெளியூர் உதாரணம்தான் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் நிக்கல் சுரங்கத்தில் பிஎச்பி நிறுவனமும் டொயோட்டாவும் 2021இல் மின்சார லேண்ட் குரூசர் 70 ஒன்றைப் பன்னிரண்டு மாதச் சோதனைக்கு விட்டன. தாய்லாந்தின் பட்டாயாவில் 2024இல் மின்சார ஹைலக்ஸ், ஆள் ஏற்றும் சொங்தேவ் வண்டியாகத் தெருவில் ஓடிச் சோதிக்கப்பட்டது. வண்டியை அது செய்யப்போகிற வேலையிலேயே போட்டுப் பார்த்தார்கள். குன்றில் ஏற்றிக் கைதட்டவில்லை.

வெள்ளத்தைப் பற்றி அவர் கேட்பதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. 2024 டிசம்பர் முதல் நாளில் ஃபெஞ்சல் புயல் இந்த வட்டாரத்து மயிலத்தில் மட்டும் அரை மீட்டர் அளவுக்கு மழையைக் கொட்டியது. சங்கராபரணி ஆறு கரைபுரண்டது. அந்தத் தண்ணீரில் மின் வண்டி என்னவாகும் என்பது கேட்கவேண்டிய கேள்விதான். ஐபி 67 என்கிற நீர்த்தடைத் தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். இரவெல்லாம் முங்கிக் கிடந்தால் இணைப்பிகளில் அரிப்பு வரும், பேட்டரியைச் சோதிக்காமல் சார்ஜ் போடக்கூடாது. ஆனால் டீசல் வண்டி மட்டும் தெப்பமா? காற்றுக்குழாய் வழியே தண்ணீரை இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போய்விடும். பேட்டரிகளின் அதிர்வு, வெப்ப அதிர்ச்சி, தீத்தாங்கும் திறன் எல்லாவற்றுக்கும் நம் நாட்டில் ஏஐஎஸ்-038 தரவிதி இருக்கிறது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அது கடுமையாக்கப்பட்டது. கட்டுரையில் அதன் வாசனைகூட இல்லை.

இவ்வளவு சொன்னதால் நான் மின் வண்டிக்கு முகவர் என்று நினைக்கவேண்டாம். திட்டுவதற்கு விஷயம் நிறையவே இருக்கிறது. திட்டத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஏஸ் மின் வண்டி 2022 மே மாதம் வந்தபோது அதன் பாரம் 600 கிலோ. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வருகிற 75 கிலோ நெல் மூட்டையில் எட்டு. எட்டே எட்டு. டீசல் குட்டி யானையில் அதற்கு இரண்டு மடங்கு அடுக்கி, மேலே இரண்டு ஆளும் உட்கார்ந்து வருவதை அறுவடைக் காலத்தில் யாரும் பார்க்கலாம். சட்டப்படி தப்பு, நடைமுறையில் வழக்கம். அந்த வழக்கம் 21.3 கிலோவாட் மணி பேட்டரியிடம் செல்லுமா? ஒரு சார்ஜில் ஓடும் என்று சான்றிதழில் உள்ள 154 கி.மீ. அந்தப் பாரத்தில் எவ்வளவாகச் சுருங்கும்? ஒரு டன் ஏற்றுகிற ஏஸ் மின் வண்டி 2024இல்தான் வந்தது. அதிலும் பதின்மூன்று மூட்டைதான். செஞ்சியிலிருந்து திண்டிவனமோ திருவண்ணாமலையோ போய்வர 80 கி.மீ.க்குள் அடங்கும், தூரம் பிரச்சினை இல்லை. பாரம்தான் பிரச்சினை. வயல் மோட்டாரின் இலவச இணைப்பில் வண்டிக்குச் சார்ஜ் போட முடியாது. அந்த மின்கட்டணத்தையும் பழைய டீசல் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பேட்டரி உத்தரவாதம் அதிகபாரம் ஏற்றிய வண்டிக்குச் செல்லுமா என்று ஒப்பந்தத்தைப் படிக்கவேண்டும். கோளாறு வந்தால் செஞ்சியிலேயே சரிசெய்ய ஆள் உண்டா என்று விசாரிக்கவேண்டும். இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அந்தக் கட்டுரையில் இல்லை. இருந்ததெல்லாம் குதிரையும் பாறையும் ஒரு பெடலும்தான்.

இந்த வட்டாரத்தில் பிக்கப் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷோரூமில் லாக் இருக்கிறதா என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றுகிற மூட்டையை ஏற்றி, உங்கள் ஏரிக்கரைப் பாதையிலேயே ஓட்டிப் பார்க்க வண்டி தருவீர்களா என்று கேளுங்கள். மறுத்தால், அந்த வண்டியை வாங்காதீர்கள்.