அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான்!



சந்தியில் இருக்கும் மதுபானக் கடைக்கு அரசாங்கம் கொடுத்திருப்பது காணி உறுதி அல்ல, அனுமதிப்பத்திரம். டிசம்பர் 31ஆம் திகதியோடு அது முடிகிறது. அடுத்த வருடத்துக்கு மறுபடியும் புதுப்பிக்க வேண்டும். நிபந்தனைகளை மீறினால் அதை இடைநிறுத்தவும் இரத்துச் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. அப்படியிருக்க, ஊருக்கே தெரிந்த குற்றங்களைச் செய்யும் கடைக்கு வருடா வருடம் கேள்வியில்லாமல் அனுமதி கிடைப்பது எப்படி?

முதல் குற்றம், பிள்ளைகளுக்கு விற்பது. 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் மதுபானம் விற்கக்கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். நமது சந்தியிலோ சாதாரண தரம் படிக்கும் பையன் காசை நீட்டினால் கால் போத்தல் கைக்கு வருகிறது. "அப்பாவுக்கு" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வயது கேட்பதில்லை, அடையாள அட்டை கேட்பதில்லை. திங்கட்கிழமை வகுப்பில் காலியாகக் கிடக்கும் வாங்குகளைப் பார்க்கும் நமக்கு இதன் முடிவு எங்கே என்று தெரியும்.

இரண்டாவது குற்றம், பின்கதவு வியாபாரம். போயா தினத்தில் கடை பூட்டியிருக்கும். ஆனால் முதல் நாளே சரக்கு பெட்டி பெட்டியாக லயத்துக்கு ஏறிவிடுகிறது. அங்கே கூடிய விலைக்கும் கடனுக்கும் விற்கிறார்கள். சம்பள நாளில் கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு போத்தல் விற்றாலும் குற்றம்தான். லயத்தில் விற்றவர் பிடிபட்டால் அவர்மீது வழக்கு. பெட்டியைக் கொடுத்த கடையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கிளையை மட்டும் வெட்டி வேரை விட்டுவைப்பது யாருக்காக?

"கடையில் கை வைத்தால் கசிப்பு பெருகும்" என்று பயமுறுத்துகிறார்கள். கடை திறந்திருக்கும்போதே கசிப்பும் ஓடுகிறதே! நாம் கேட்பது மதுவிலக்கு அல்ல, விசாரணை. ஒழுங்காக நடக்கும் கடைக்கு விசாரணையில் என்ன பயம்?

"தோட்டத்து ஆட்கள் குடிகாரர்கள், முதலில் அவர்களைத் திருத்துங்கள்" என்பார்கள் வேறு சிலர். இது நமது பாட்டன் காலத்திலிருந்து கேட்டுவரும் ஏச்சு. பெரியவர்களின் குடியைப் பற்றி லயத்துக்குள் நாம் பேசத்தான் வேண்டும். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் போத்தலை நீட்டியது யார்? அந்தப் பொறுப்பைச் சட்டம் விற்பவரின் தலையிலேயே வைத்திருக்கிறது.

2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா. இந்த நாட்சம்பளத்துக்காக எத்தனை கூட்டம், எத்தனை ஊர்வலம், எத்தனை நாள் மலைக்கு ஏறாமல் நின்றோம்! 2024இல் அந்த 1,350 ரூபாவை இரண்டு நாளுக்குச் சேர்த்தாலும் ஒரு போத்தல் சாராயத்துக்குப் போதவில்லை. கம்பனியோடு போராடி வாங்கியதைப் பின்கதவில் கொட்டவா?

2024 டிசம்பரில், அந்த வருடம் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. இவற்றுக்கு யார் சிபாரிசு என்று நாடே கேட்டது. நாமும் கேட்போம். சிபாரிசு எந்தக் கட்சியிலிருந்து வந்தாலும், எந்தச் சங்கத்திலிருந்து வந்தாலும், நமது சங்கத்தின் பெயரைச் சொல்லியே வந்தாலும், பிள்ளைகளுக்கு விற்கும் கடைக்கு நாம் துணை போகமாட்டோம்.

இனி செய்ய வேண்டியவை:

ஒவ்வொரு டிவிஷனிலும் மாதர் தலைவியிடம் ஒரு கொப்பி இருக்கட்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன விற்றார்கள், யார் கண்டது என்று எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். குற்றவாளி பிள்ளை அல்ல.

கண்ணெதிரே நடந்தால் மதுவரித் திணைக்களத்தின் 1913 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

அனுமதிப்பத்திரத்தை மீளாய்வு செய்யும்படி கேட்டு, பிரதேச செயலாளருக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் தோட்டமே கையொப்பமிட்டு மனுக் கொடுப்போம். நமது பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பக்கூடாது.

அந்தக் கடைக்கு விதித்த நிபந்தனைகள் என்ன, எத்தனை முறை சோதனை நடந்தது, முறைப்பாடுகளுக்கு என்ன நடவடிக்கை என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்போம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

தனியாகப் போய்க் கடைக்காரரோடு வாய்ச்சண்டை பிடிக்க வேண்டாம். அடிதடி நடந்தால் வழக்கு நம்மீது திரும்பும். சங்கமாகப் போவோம், எழுத்தில் கேட்போம், பதிலையும் எழுத்திலேயே வாங்குவோம்.

டிசம்பர் 31க்கு இன்னும் நாள் இருக்கிறது. விசாரிக்காமல் புதுப்பிக்காதே என்று தோட்டம் தோட்டமாகச் சொல்வோம்!