'ஜி' ஒன்று, வழி மூன்று

"இந்தக் கார்டுக்குச் சரியான விரல் எது?" கிதார் பழகும் தோழியர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதற்கு உடனே விடை சொல்வதில்லை. "எந்தப் பாட்டில்? அதற்கு முன் என்ன கார்ட்? பின் என்ன கார்ட்?" என்று திருப்பிக் கேட்கிறோம். இது வாயாடித்தனம் அன்று. விரல் வைக்க ஒரே வழிதான் உண்டு, அது அச்சிட்ட படத்தில் உள்ளதுதான் என்று நம்பி, அவ்வழி தம் கைக்கு வராததால் கிதாரையே கைவிட்ட சிறுமியரைப் பார்த்து வருகிறோம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

கிதார் அறியாத பெற்றோருக்கும் சிஸ்டர்களுக்கும் இரண்டொரு சொல். ஆர்மோனியத்தில் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டை. கிதாரில் அப்படியன்று. எல்லாவற்றிலும் மெல்லியதான முதல் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வரும் அதே சுரம், இரண்டாம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலும் வரும். மூன்றாம் தந்தியின் ஒன்பதாம் ஃப்ரெட்டிலும் வரும். (ஃப்ரெட் என்பது வீணையின் மெட்டுப் போன்றது.) சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டமே கார்ட். எந்தத் தந்தியை எங்கே அழுத்துவது என்பது ஒரு தேர்வு. அதை இடக்கையின் எந்த விரலால் அழுத்துவது என்பது இன்னொரு தேர்வு.

'ஜி' கார்டை எடுத்துக்கொள்வோம். ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட், ஐந்தாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், முதல் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட். இவற்றை முறையே நடுவிரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல் கொண்டு பிடிக்குமாறு பல புத்தகங்கள் சொல்லும். கைக்கு எளிது, மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்து வருவது 'சி' என்றால் மூன்று விரல்களும் எழுந்து, வேறு மூன்று இடங்களைத் தேடி இறங்க வேண்டும். அதற்குள் பாடுவோர் அடுத்த அடிக்குப் போய்விடுவர்! அதே இடங்களை மோதிர விரல், நடுவிரல், சுண்டு விரல் கொண்டு பிடித்துப் பாருங்கள். இப்போது 'சி'க்குப் போக, மோதிர விரலும் நடுவிரலும் அமைப்புக் கலையாமல் பக்கத்துத் தந்திக்கு நகர்ந்தால் போதும். ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் வந்து அமரும். சுண்டு விரல் முதலில் அழும். பிறகு பழகிவிடும்.

மூன்றாவது வழியும் உண்டு. 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் என்னும் ஊரின் ஆலயத்தில் முதன்முதலாகப் பாடப்பெற்றது 'சைலண்ட் நைட்' கீதம். சொற்கள் குருவானவர் யோசேப்பு மோர் எழுதியவை. இசை ஃபிரான்ஸ் க்ரூபர் அமைத்தது. அன்று அதற்குத் துணையாக ஒலித்தது கிதாரே. மோர் தம் கையால் எழுதிய பிரதியில் அது 'டி' சுருதியில் உள்ளது. நாங்களும் 'டி'யிலேயே வாசிக்கிறோம். அதில் 'ஜி' வரும் இடங்களைக் கவனித்தால், முன்னும் பின்னும் 'டி' நிற்கும். 'டி'யில் மோதிர விரல் இரண்டாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் இருக்கிறது. 'ஜி'க்குப் போகும்போது அதை எடுக்கவே வேண்டாம். அங்கேயே விட்டுவிட்டு, சுண்டு விரலை முதல் தந்தியிலும் மற்ற இரண்டைத் தடித்த தந்திகளிலும் வைத்தால் நான்கு விரல் 'ஜி' கிடைக்கிறது. ஒரு விரல் அசையாமல் நிற்பதால் மற்றவை இருட்டிலும் வழி தவறுவதில்லை. (மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசிப்போருக்கு இதன் அருமை தெரியும்.) ஓசையும் சற்றுக் கணீரென்று மாறும், அது எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

'ஏ' கார்டில் நான்கு, மூன்று, இரண்டாம் தந்திகள் மூன்றும் இரண்டாம் ஃப்ரெட்டிலேயே அழுத்தப்பெறும். ஆள்காட்டி, நடு, மோதிரம் என்று வரிசையாக வைப்பதே இயல்பாகத் தோன்றும். நாங்களோ நடுவிரலை நான்காம் தந்தியிலும் ஆள்காட்டி விரலை மூன்றாம் தந்தியிலும் மாற்றி வைக்கிறோம். பார்ப்பதற்கு விரல்கள் பின்னிக்கொண்டாற்போல இருக்கும். ஆனால் 'டி'க்குப் போனால் ஆள்காட்டி விரல் இருந்த இடத்திலேயே இருக்கும்; 'ஈ'க்குப் போனால் அதே தந்தியில் ஒரு ஃப்ரெட் பின்னால் வழுக்கினால் போதும்.

இனி 'எஃப்'. கண்ணீருக்குக் காரணமான கார்ட் இது. ஆள்காட்டி விரலை ஆறு தந்திகளின்மேலும் முதல் ஃப்ரெட்டில் குறுக்காகக் கிடத்தி அழுத்த வேண்டும். இதைப் 'பார்' என்பர். உருக்குத் தந்தி பூட்டிய கிதாரில் பதின்மூன்று வயதுக் கைக்கு இது எளிதா? "இதைப் பிடிக்க முடிந்தால் கிதார்; இல்லையேல் பாடுவோர் வரிசைக்குப் போ" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அது நியாயமன்று. 'எஃப்' கார்டுக்கு வேண்டியவை எஃப், ஏ, சி என்னும் மூன்று சுரங்களே. மெல்லிய நான்கு தந்திகளிலேயே அம்மூன்றும் கிடைக்கின்றன. ஆள்காட்டி விரல் முதல் இரண்டு தந்திகளை மட்டும் முதல் ஃப்ரெட்டில் அழுத்தட்டும். நடுவிரல் மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும், மோதிர விரல் நான்காம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டிலும் இருக்கட்டும். தடித்த இரண்டு தந்திகளை மீட்டக் கூடாது. இதைப் பாதி 'எஃப்' என்று ஏளனம் செய்வோர் உண்டு. சுரக் கணக்கில் இது முழு 'எஃப்'தான். அடிச்சுரத்தின் கனம் குறைகிறது, அவ்வளவே. கேப்போ வைத்திருப்போருக்கு இன்னும் ஒரு வழி உண்டு. பாட்டு 'சி'யில் இருந்தால், ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போவைப் பூட்டி 'ஜி', 'சி', 'டி' வடிவங்களிலேயே வாசித்துவிடலாம்.

ஆயினும் எளிதான எல்லாவற்றையும் நாங்கள் ஏற்பதில்லை. முதல் தந்தியை அழுத்தாமல் விட்டுவிட்டு அதையும் 'எஃப்' என்கின்றனர் சிலர். அதில் 'ஈ' சுரம் புகுந்துவிடுகிறது. சில பாட்டுகளில் அது இனிமைதான். ஆனால் பாடுவோர் 'எஃப்' சுரத்தில் நீண்டு நிற்கும் இடத்தில் இரண்டும் உரசும். காது கூசுகிறது என்றால் விரல் எவ்வளவு சுகமாக இருந்தும் பயனில்லை.

முதலாண்டில் ஒரே வழியை வற்புறுத்தும் ஆசிரியர்களின் நிலையும் எங்களுக்குப் புரிகிறது. இருபது பேர் சேர்ந்து பழகும் வகுப்பில் இருபது வழிகள் என்றால் என்ன ஆகும்? சுண்டு விரலுக்கு வேலை கொடுக்காமல் தப்பிக்கும் சோம்பேறிகளும் எங்களிடையே இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வற்புறுத்தல் இரண்டாம் ஆண்டிலும் தொடர வேண்டுமா? ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கலைஞர் 1928-இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் பழுதுற்ற பின், பெரும்பாலும் மற்ற இரண்டு விரல்களைக் கொண்டே உலகை வியக்க வைத்தார். செகோவியா 1945-இல் சோர் என்பவரின் இருபது பயிற்சிகளைத் தம் விரல் எண்களுடன் பதிப்பித்தார். அவற்றை வேறு விரல்களால் வாசிப்போரும் இருக்கின்றனர். மேதைகளுக்கு இருக்கும் இந்த உரிமை சிறிய கைகளுக்கு மட்டும் ஏன் இல்லை?

எங்கள் குழுவின் பாட்டுக் கோப்பில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே படம்தான் உள்ளது. 'ஜி'க்கு மூன்று படங்களும் 'எஃப்'புக்கு இரண்டு படங்களும் சேர்க்க அனுமதி வேண்டுகிறோம். அதற்கிடையில், கார்ட் மாறும் இடங்களில் பாட்டு வரிகளின்மேல் விரல் எண்களை எழுதத் தொடங்கியிருக்கிறோம். பென்சிலால்தான் எழுதுகிறோம். எட்டாம் வகுப்புத் தங்கையர் தம் கைக்கு ஒவ்வாததை அழித்துவிட்டு வேறு எண் எழுதிக்கொள்ளலாம்.