ரேட்டைக் குறைத்தால் கம்பெனி ஆர்டர் வராது

கல்யாண டிஜேக்கள் கம்பெனி விழாக்களைப் பிடிக்க ரேட்டைக் குறைக்க வேண்டும், பெரிய ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இதை நம்பிக் கடன் வாங்கப்போகும் பையன்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஓ.எம்.ஆர். ஐ.டி. நிறுவனத்தில் ஆண்டு விழாவுக்கு ஆள் தேடும் எச்.ஆர். மேலாளரின் பெரிய பயம், எம்.டி. பேசும்போது மைக் காலை வாரிவிடுமோ என்பதுதான். விருதுக்குப் பெயர் வாசித்ததும் இசை எழ வேண்டும். வாங்கியவர் பேச வாயெடுத்ததும் அடங்க வேண்டும். புது பேட்டரி போட்ட இன்னொரு மைக் மேடையோரம் தயாராக இருக்க வேண்டும். காசு இதற்குத்தான்.

உரிமத்தைப் பற்றி நண்பர் மூச்சே விடவில்லை. கல்யாணக் கொண்டாட்டத்தில் பாட்டுப் போட 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. கம்பெனி விழாவுக்கு அது கிடையாது. பாட்டுரிமை அமைப்புகளான பி.பி.எல்., ஐ.பி.ஆர்.எஸ். தரும் உரிமத்தை யார் எடுப்பது என்று முதல் சந்திப்பிலேயே கேட்பவரைத்தான் கம்பெனிக்காரர்கள் நம்புவார்கள்.

பணமும் அன்றிரவே கைக்கு வராது. உத்யம் பதிவுள்ள சிறுதொழிலுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டம். வண்டி வாடகையும் பையன்கள் சம்பளமும் அதுவரை காத்திருக்காது. ரேட்டைக் குறைத்தவர் அந்த நாட்களை எதை வைத்துத் தள்ளுவார்?

ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல வயர்லெஸ் மைக் செட் வாங்குங்கள். மிச்சத்தைக் கையில் வைத்திருங்கள்.