உளுந்து வேரும் குவாண்டம் கணினியும்



"குவாண்டம் கம்ப்யூட்டர் வந்துட்டா புவி வெப்பமடையறதெல்லாம் சரியாயிடும்" என்று அடித்துச் சொன்னான் ஒரு நண்பன். "அதெல்லாம் சும்மா ரீல்" என்றான் இன்னொருவன். இரண்டு பேர் சொன்னதும் பாதிதான் சரி என்பது என் கருத்து. ஏன்?

ஒரு உளுந்துச் செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. அடுப்பு இல்லை, புகை இல்லை. மண்ணின் சூடே போதும்!

அதே அம்மோனியாவை மனிதன் எப்படிச் செய்கிறான்? 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவ் என்ற ஊரில் ஹேபர்-பாஷ் முறையில் முதல் தொழிற்சாலை தொடங்கியது. இன்றும் பெரும்பாலும் அதே முறைதான். சுமார் 400 டிகிரி வெப்பம், காற்றழுத்தத்தைப்போல் 100 மடங்குக்கு மேல் அழுத்தம்! தேவையான ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுப்பதால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. உலகம் செலவழிக்கும் எரிசக்தியில் 1 முதல் 2 சதவீதம் இதற்கே போகிறது. நம்ம வயலில் போடும் யூரியா இப்படித்தான் பிறக்கிறது.

சரி, பாக்டீரியாவைப் பார்த்து காப்பி அடிக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். நைட்ரஜனேஸ் என்ற நொதிதான் அந்த வேலையைச் செய்கிறது. அதன் நடுவே இரும்பு, மாலிப்டினம், கந்தக அணுக்கள் உள்ளன. அவற்றின் எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சதுரங்கக் கட்டத்தில் நெல்மணியை இரட்டித்து வைத்த கதை தெரியும் அல்லவா? அதுபோலக் கணக்கு பெருகி, சூப்பர் கம்ப்யூட்டரே திணறுகிறது.

இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கிறது, அதைக் கணக்கிடும் கணினியும் அதே விதிப்படி இயங்கட்டும் என்ற யோசனையை 1981-ல் முன்வைத்தார் ரிச்சர்ட் ஃபெயின்மன். இந்த நொதியின் ரகசியத்தை அறிய அப்படிப்பட்ட கணினி உதவ முடியும் என்று 2017-ல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆகவே இது ரீல் இல்லை!

ஆனால் இன்றைய கியூபிட்கள் அடிக்கடி பிழை செய்கின்றன. இந்தக் கணக்கைப் போடும் அளவுக்குப் பெரிய கணினி இன்னும் வரவில்லை. வந்தாலும் அது ரகசியத்தைத்தான் சொல்லும். தொழிற்சாலையை நாம்தான் கட்டணும். அதுவரை புகை காத்திருக்குமா?

நாளைக்கு மழை வரும்னு இன்னைக்குக் குடத்துல இருக்குற தண்ணியைக் கொட்டுவோமா? காவிரி டெல்டாவில் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பே வயலில் உளுந்து தெளிக்கிறார்கள். தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுகிறார்கள். மண்ணுக்குத் தழைச்சத்து கிடைக்கிறது, யூரியா செலவும் குறைகிறது. இதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம்.

2023-ல் நம் நாடு தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. நல்ல விஷயம். அந்தக் கணினியை உருவாக்க நம்மில் சிலர் இயற்பியலும் கணக்கும் ஒழுங்காகப் படிக்கணும். ஆனால் அது வரும் என்று சொல்லி, இன்று செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடக் கூடாது.

நண்பர்களே, நீங்க என்ன நினைக்கிறீங்க? அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள்!

– பதினோராம் வகுப்பு மாணவி