நாகல்நகரில் ஒரு குஜராத்

திண்டுக்கல் நாகல்நகர் பக்கம் போயிருக்கிறீர்களா? நம்மிடம் நல்ல தமிழில் பேசிக்கொண்டிருக்கிற அக்கா, வீட்டுக்குள் திரும்பி மகளைக் கூப்பிடும்போது சட்டென்று வேறு மொழிக்கு மாறிவிடுவார். இந்தியா, தெலுங்கா என்று குழம்ப வேண்டாம். அது சௌராஷ்டிரம். நமக்குத் தண்ணீர், அவர்களுக்கு 'பாணி'.

குஜராத்திலிருந்து வந்த பட்டு நெசவாளர்களின் வாரிசுகள் இவர்கள். 'பட்டுநூல்காரர்' என்பது ஊர் வைத்த பெயர். கஜினி முகமது சோமநாதபுரத்தைத் தாக்கிய 11ஆம் நூற்றாண்டில் கிளம்பியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். தேவகிரி, விஜயநகரம் என்று பட்டுக்கு மவுசு இருந்த தலைநகரங்களில் தங்கித் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரைச் சீமைக்கு வந்து சேர்ந்தார்கள். திண்டுக்கல்லும் அப்போது அந்தச் சீமைதானே!

இந்தப் பயணத்தை அவர்கள் மறக்காமல் வைத்திருந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்யாணச் சடங்கில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்கிற பழைய வழக்கம் ஒன்று உண்டு. எங்கிருந்து கிளம்பினோம், எங்கே தங்கினோம், எப்படி மதுரை வந்தோம் என்று முழு வழியும் அதில் வந்துவிடும். சம்பந்திப் பேச்சிலேயே சரித்திரப் பாடம்!

அமெரிக்காவில் ஆமிஷ் என்றொரு கிறிஸ்தவக் கூட்டம் இருக்கிறது. 1693-ல் யாக்கோப் அம்மான் என்பவர் பின்னால் பிரிந்த இவர்கள், மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியா போனார்கள். இன்றும் குதிரை வண்டிதான், வீட்டில் ஜெர்மன் பேச்சுதான். பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்தி மொழியைக் காப்பாற்றினார்கள்.

நம் சௌராஷ்டிரர்கள் கதவைச் சாத்தவே இல்லை. தமிழ் உச்சரிப்புக்கு உதாரணம் காட்டுகிறோமே டி.எம்.சௌந்தரராஜன், அவர் மதுரை சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை. முதல் எழுத்து 'டி', தொகுளுவ என்கிற குடும்பப் பெயர். கும்பகோணத்து எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராம் 'காதுகள்' நாவலுக்காக 1993-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார். தெருவில் தமிழ், வீட்டில் சௌராஷ்டிரம். இரண்டும் சண்டை போடவில்லை.

பிறகு எப்படி மொழி பிழைத்தது? தறிதான் காரணம் என்பேன். அப்பா நெய்ய, அம்மா பாவு பார்க்க, பிள்ளைகள் தார் சுற்ற, நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ் பேச்சு. பள்ளிக்கூடம் சொல்லித்தராத மொழிக்கு அதுவே பள்ளிக்கூடம். இப்போது பல வீடுகளில் தறி இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். பாட்டி பேசுவது பேரனுக்குப் புரிகிறது, ஆனால் பதில் தமிழிலோ ஆங்கிலத்திலோதான் வருகிறது.

இத்தனைக்கும் சொந்த எழுத்து இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராமராய் என்பவர் அதற்காகவே உழைத்துப் பாடப் புத்தகங்கள் போட்டார். 2008-ல் யூனிகோடிலும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் பெரும்பாலோர் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அழுத்தி உச்சரிக்க வேண்டிய பல ஒலிகள் அதில் காணாமல் போய்விடுகின்றன.

எழுத்து போகட்டும். நாகல்நகர் பாட்டிமார்களே, அந்தக் கல்யாணக் கேள்வி பதில் யாருக்காவது நினைவிருந்தால், வாட்ஸ்அப்பில் உங்கள் குரலிலேயே பதிவுசெய்து பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். இந்த வாரமே.